1237 ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு: ‘டொம்’ நிற்கிறது, ஊஃபர் தப்புமா?

சென்னை ரிச்சி தெருவில் ‘ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். உள்ளங்கையில் அடங்கும் பலகை, ஒற்றை வரிசையில் எட்டுக் காலோடு நிற்கும் 1237 ஐசி, பக்கத்தில் ஒன்றோ இரண்டோ ரிலே (காயிலில் மின்சாரம் வந்தால் ஒட்டி, நின்றால் விடும் சுவிட்ச்), ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஸ்க்ரூ டெர்மினல், 12 வோல்ட் ஏசி கொடுக்க ஒரு கனெக்டர், ஒரு எல்இடி. விலை சில நூறு ரூபாய். கூடவே வரும் தாள் எதுவும் கிடையாது. எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதைப் போர்டின் மேல் அச்சடித்த நாலு எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் போர்டுக்கு இரண்டு வேலை. ஆம்ப்பைப் போட்டதும் சில நொடி ஸ்பீக்கரைப் பிரித்து வைத்து, ‘டொம்’ என்ற அந்த முதல் அடியை ஊஃபருக்குப் போகாமல் தடுப்பது ஒன்று. ஆம்ப்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி ஸ்பீக்கர் லைனில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வந்தால் உடனே துண்டிப்பது இன்னொன்று. முதல் வேலையைக் கடையிலிருந்து வந்தபடியே அருமையாகச் செய்கிறது. இரண்டாவது வேலையில், ஆம்ப்பின் சப்ளை 30 வோல்ட்டைத் தாண்டிவிட்டால், வந்தபடியே இருக்கும் போர்டை நம்ப முடியாது. குறை ஐசியில் இல்லை. ரிலேயிலும் அதை இணைத்திருக்கும் விதத்திலும் இருக்கிறது. அரை மணி நேர வேலையில் சரிசெய்யக் கூடியது என்பதால்தான் இதை வாங்கலாம் என்று சொல்ல முடிகிறது.

ஐசி நல்ல ஐசி. ஜப்பானின் என்இசி ஸ்டீரியோ பவர் ஆம்ப்புக்கென்றே வடிவமைத்த யூபிசி1237. பழைய ஜப்பானிய ரிசீவர்கள் பலவற்றைத் திறந்தால் இதே எட்டுக் கால் கண்ணில் படும். அதனால் கீழே வரும் பழுது பார்க்கும் முறை, இந்தப் போர்டுக்கு மட்டுமல்ல, அந்த ரிசீவர்களுக்கும் பொருந்தும். எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து எண்ணினால் 1 ஓவர்லோடு, 2 அவுட்புட் டிசி, 3 தானாக மீள்வதா பூட்டிக்கொள்வதா என்ற தேர்வு, 4 ஏசி போனதைக் கண்டறிவது, 5 கிரவுண்ட், 6 ரிலேயை இழுப்பது, 7 தாமத நேரம், 8 சப்ளை. எட்டாம் காலில் ஒரு ரெசிஸ்டர் வழியாகத்தான் மின்சாரம் வரும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அதைச் சுமார் 3.4 வோல்ட்டில் பிடித்து வைக்கும். இந்த 3.4 என்ற எண்ணை மனதில் வையுங்கள், பழுது பார்க்கும்போது முதலில் தேடப்போவது இதைத்தான்.

முதலில் சப்ளை, ஏனென்றால் அதிகம் புகைவது அங்கேதான். போர்டுக்கு 12 வோல்ட் ஏசி கொடுத்தால், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு) தாண்டி ஃபில்டர் கெப்பாசிட்டரில் சுமார் 15.5 வோல்ட் டிசி நிற்கும் (12 பெருக்கல் 1.414, அதில் இரண்டு டையோடுக்கு 1.4 போக). ரிலே காயில் 12 வோல்ட். ஓம்ரான் ஜி2ஆர் வகை இரண்டு-முனை ரிலேயை (ஒரே உறைக்குள் இரண்டு சுவிட்ச்) எடுத்துக்கொண்டால் காயில் 275 ஓம், 12 வோல்ட்டில் அதன் அளவு 43.6 மில்லி ஆம்பியர். 15.5 வோல்ட்டில் 56 மில்லி ஆம்பியர் இழுக்கும், அரை வாட்டுக்குச் செய்த காயிலில் 0.87 வாட் எரியும். மூன்று மணி நேரம் கழித்து ரிலேயின் மூடியைத் தொட்டால் கை சுடும். காயிலுக்குத் தொடராக ஒரு 82 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்தது. இதைவிடப் பெரிய ரெசிஸ்டர் போட வேண்டாம். நம்மூரில் மாலை நேரத்தில் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கும் இடங்கள் உண்டு. அப்போதும் இந்த 82 ஓமோடு காயிலுக்கு 9 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், ரிலே ஒட்ட 8.4 போதும். 160க்கு இறங்கினால் ஒட்டாது, ஆனால் அந்த நிலையில் ஆம்ப்பை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

சிலர் ‘18 வோல்ட் வைண்டிங் சும்மா இருக்கிறதே’ என்று அதைக் கொடுத்துவிடுவார்கள். 12 வோல்ட் காயிலுக்கு 24 வோல்ட் போகும், சூடு நாலு மடங்கு. அப்படிக் கொடுப்பதென்றால் 24 வோல்ட் காயில் ரிலேயாக மாற்றுங்கள். எட்டாம் காலுக்குப் போகும் ரெசிஸ்டரையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

ரிலே பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து 30 ஆம்பியர் ரிலே இரண்டு போட்ட போர்டுகளும் விற்கின்றன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அந்த ரிலே ஒன்றின் காயிலே 155 ஓம், 12 வோல்ட்டில் 77 மில்லி ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்து 150க்கு மேல். 1237இன் ஆறாம் கால் தாங்குவது 80 மில்லி ஆம்பியர்தான். நடுவில் ஒரு பிடி139 போல டிரான்சிஸ்டர் இல்லாமல் நேராக ஆறாம் காலில் இரண்டு பெரிய ரிலே கட்டியிருந்தால் அந்தப் போர்டை வாங்காதீர்கள். கடையிலேயே திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ரிலே காயிலின் ஒரு முனை எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்தால் போதும்.

இனி, போர்டு எரிந்துபோக முதல் காரணம். ஆம்ப்பின் 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரிலேயே 0க்கும் ஒரு 24க்கும் நடுவில் ஒயர் எடுத்துப் போர்டின் ஏசி முனைகளில் கொடுப்பது. அந்த 0 ஆம்ப்பின் கிரவுண்ட். போர்டின் கிரவுண்டும் ஆம்ப் கிரவுண்டோடு சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் டிசி வந்ததை ஐசியால் அறிய முடியாது. சேர்த்ததும் என்ன ஆகிறது? போர்டின் பிரிட்ஜில் மைனஸ் பக்கத்து டையோடு ஒன்று, 24 வோல்ட் வைண்டிங்குக்குக் குறுக்கே நேராக உட்கார்ந்துவிடுகிறது. வைண்டிங் முனை நெகட்டிவாகப் போகும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஷார்ட். டையோடு வெடிக்கும், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் கருகும். இந்தப் போர்டுக்குத் தனி 12 வோல்ட் வைண்டிங் வேண்டும். இல்லையென்றால் 12 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தனியாக வையுங்கள், ஆம்ப்பின் அதே சுவிட்ச்சிலிருந்து. ஆம்ப்பின் ஃபில்டர் கெப்பாசிட்டரிலிருந்து டிசி எடுத்துக் கொடுப்பதும் சரியல்ல. ரிலே ஒட்டினாலும், சுவிட்ச் அணைத்ததும் உடனே விட வைக்கும் நாலாம் காலின் வேலை பாழாகிவிடும், அணைக்கும்போது வரும் ‘டொப்’ ஸ்பீக்கருக்குப் போகும்.

கிரவுண்ட் ஒயர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரையும் வாங்கிக்கொள்ளப் போர்டில் டெர்மினல் வைத்திருப்பார்கள். அங்கே மாட்டாதீர்கள். ஸ்பீக்கர் மைனஸ் நேராக ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சேரும் நட்சத்திரப் புள்ளிக்குப் போகட்டும். போர்டின் கிரவுண்டுக்கு அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் போதும். பத்து ஆம்பியரை இரண்டு மில்லிமீட்டர் தாமிரப் பட்டை வழியாகத் திருப்பி அனுப்பினால் ‘ம்ம்ம்’ என்ற ஹம் வரும்.

தாமதம் ஏழாம் காலின் கெப்பாசிட்டரில். வந்த நிலையில் மூன்று நொடி அளவுக்கு இருக்கும், ஐந்து வேண்டுமானால் அந்த கெப்பாசிட்டரை அதே விகிதத்தில் கூட்டுங்கள். பிளஸ்-மைனஸ் சப்ளையில் ஓடும் 5200-1943 ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர் போர்டுகளுக்கு மூன்று நொடியே தாராளம். இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

4440 போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க. ஸ்டீரியோவாக ஓடும் எல்ஏ4440 ஆம்ப் ஐசியில் அவுட்புட்டுக்கு ஒரு கெப்பாசிட்டர் உண்டு, 1000 அல்லது 2200 மைக்ரோஃபாரட் (கடையில் ‘எம்எஃப்டி’ என்று கேளுங்கள்). ரிலே அதற்குப் பின்னால் வருகிறது. ஸ்பீக்கர் பிரிந்திருக்கும் மூன்று நொடியும் அந்த கெப்பாசிட்டர் சார்ஜ் ஆக வழியில்லை. ரிலே ஒட்டியதும் ஸ்பீக்கர் வழியாகத்தான் சார்ஜ் ஆகும். ‘டொம்’ மூன்று நொடி தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. ‘போர்டு வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பல இதுதான். கெப்பாசிட்டருக்கும் ரிலேவுக்கும் நடுவிலிருந்து கிரவுண்டுக்கு 470 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 2200 மைக்ரோஃபாரடுக்கு அது ஒரு நொடி காலமாறிலி, மூன்று நொடியில் 95 சதவீதம் சார்ஜ் ஆகிவிடும். சிலர் போடும் 1 கே (1000 ஓம்) போதாது, மூன்று நொடியில் முக்கால் பங்குதான் ஆகும். டிடிஏ7294 வைத்திருப்பவர்களுக்கு ‘டொம்’முக்காக இந்தப் போர்டே வேண்டாம். அந்த ஐசியின் 9ஆம் காலும் 10ஆம் காலும் ஸ்டாண்ட்பை, மியூட் வேலைக்கென்றே இருக்கின்றன, அவற்றின் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டரைச் சரியாகப் போட்டால் போதும். டிசி காவலுக்காக மட்டும் ரிலே வையுங்கள்.

இப்போது முக்கியமான இடம்: டிசி.

ஆம்ப் சப்ளை பிளஸ்-மைனஸ் 40 வோல்ட் என்று வையுங்கள். ஒரு 5200 ஷார்ட் ஆனால் முழு 40 வோல்ட்டும் ஸ்பீக்கருக்கு வரும். 8 ஓம் ஊஃபரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம்தான் இருக்கும். 40 பெருக்கல் 40 வகுத்தல் 6, அதாவது 266 வாட், அதுவும் விடாமல். கோன் ஒரு பக்கமாகத் தள்ளி அசையாமல் நிற்பதால் காயிலுக்குக் காற்றும் படாது. சில நொடியில் வார்னிஷ் நாற்றம் வந்துவிடும்.

போர்டில் ஒவ்வொரு சேனலிலிருந்தும் ஒரு 56 கே ரெசிஸ்டர் இரண்டாம் காலில் வந்து சேர்கிறது. அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர். பாட்டின் ஏசியை கெப்பாசிட்டர் விழுங்கிவிடும், டிசி மட்டும் மெல்ல ஏறும். பிளஸ் பக்கம் சுமார் 0.6 வோல்ட்டில், மைனஸ் பக்கம் சுமார் 0.2 வோல்ட்டில் ஐசி ரிலேயை விட்டுவிடும். கெப்பாசிட்டர் 220 மைக்ரோஃபாரடாக இருந்து ஒரு சேனலில் பிளஸ் 40 வந்தால், கணக்குப்படி ஐந்தில் ஒரு நொடியில் வேலை முடிகிறது. 47 ஆக இருந்தால் 40 மில்லி நொடி. அப்படியானால் 47 நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இரண்டு சேனலிலும் 40 வோல்ட் உச்சத்தில் 20 ஹெர்ட்ஸ் பேஸ் ஓடினால், 47 மைக்ரோஃபாரடின் மேல் 0.24 வோல்ட் ஆடும். மைனஸ் எல்லையைத் தாண்டிவிட்டது. பாட்டின் நடுவே ‘டக்’ என்று ரிலே விடும், மூன்று நொடி அமைதி, பிறகு ஒட்டும். 100 போட்டால் 0.11, தப்பிக்கும். 220 போட்டால் 0.05, கவலையே இல்லை. வாங்கிய போர்டில் 47 இருந்து ஆம்ப் பெரிதாக இருந்தால் 100க்கோ 220க்கோ மாற்றுங்கள். நான்-போலார் வகை சிறந்தது. கிடைக்காவிட்டால் இரண்டு 470ஐ மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 235 ஆகும்.

இந்தக் கணக்கு பழைய ரிசீவர்களுக்கு இன்னும் முக்கியம். பேஸ் கூட்டினால் மட்டும் ரிலே அடித்துக்கொள்ளும் முப்பது வருஷ ஆம்ப்பைப் பார்த்ததும் பலர் அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றுகிறார்கள். இரண்டாம் காலின் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். 220 என்று எழுதியிருக்கும், மீட்டர் 40 காட்டும்.

இரண்டு சேனலும் ஒரே காலில் சேர்வதில் ஒரு ஓட்டை உண்டு. இடதில் பிளஸ், வலதில் மைனஸ், அளவு சமம் என்றால் இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடும், ஐசி பேசாமல் இருக்கும். இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் போவது அரிது. இருந்தாலும் விலை உயர்ந்த ஸ்பீக்கர் என்றால் சேனலுக்கு ஒரு போர்டு வைப்பது தவறில்லை.

ஐசி நேரத்துக்குச் சொல்லிவிட்டது. ரிலே விட்டதா? இங்கேதான் போர்டின் பெரிய குறை. ரிலேயின் மேல் ‘10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, 30 வோல்ட் டிசி’ என்று அச்சடித்திருக்கும். அந்த 30தான் நமக்கான எண். ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. கான்டாக்ட் பிரியும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வெல்டிங் போல நீலப் பொறி நின்று எரியும். ரிலே ‘விட்டு’விட்டது, எல்இடியும் அணைந்துவிட்டது, ஆனால் கரென்ட் பொறி வழியாக ஊஃபருக்குப் போய்க்கொண்டே இருக்கும். சப்ளை 30க்குக் கீழ் உள்ள ஆம்ப்பில் இது பிரச்சினை இல்லை. 40, 50 என்று போனால் ஸ்பீக்கரும் போகும் ரிலேயும் போகும்.

மருந்து அதே ரிலேயில் இருக்கிறது. மூன்றாவது முனையான என்சி (ரிலே விட்டிருக்கும்போது நடு முனையோடு சேர்ந்திருப்பது) பெரும்பாலான போர்டுகளில் எங்கும் இணைக்காமல் சும்மா கிடக்கிறது. அதைக் கிரவுண்டுக்கு இணைக்க வேண்டும். ஸ்பீக்கர் நடு முனையான காமனில், ஆம்ப் என்ஓவில் (ரிலே ஒட்டும்போது நடு முனையோடு சேர்வது), கிரவுண்ட் என்சியில். ரிலே விடும்போது நடு முனை போய்க் கிரவுண்டில் உட்காரும். பொறி நின்றாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் அப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன, கரென்ட் கிரவுண்டுக்குத்தான் ஓடும், சப்ளையின் ஃபியூஸ் போகும். அதனால் பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையிலும் ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. 100 வாட் சேனலுக்கு 5 ஆம்பியர் ஃபாஸ்ட் ஃபியூஸ் போதும்.

செய்யும் முன் ஒரு சோதனை. பல போர்டுகளில் ஆம்ப் காமனிலும் ஸ்பீக்கர் என்ஓவிலும் தலைகீழாக வருகிறது. அப்படி இருக்கும்போது என்சியைக் கிரவுண்ட் செய்தால், ரிலே விட்டிருக்கும் நேரமெல்லாம் ஆம்ப்பின் அவுட்புட் ஷார்ட்டில் கிடக்கும். மின்சாரம் இல்லாமல் மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, என்சி கால் எந்த டெர்மினலோடு பீப் அடிக்கிறது என்று பாருங்கள். அதுதான் காமன், அங்கேதான் ஸ்பீக்கர் போக வேண்டும். தலைகீழாக இருந்தால் டெர்மினல்களை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் 56 கே ரெசிஸ்டரின் முனையையும் பெயர்த்து ஆம்ப் வரும் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மறந்தால் என்ன ஆகும் என்றால், ரிலே விட்டதும் ஐசிக்கு டிசி தெரியாது, ‘எல்லாம் சரி’ என்று மறுபடி ஒட்டும், டிசி தெரியும், விடும். ‘டக்… டக்… டக்’ என்று ஒவ்வொரு தடவையும் ஊஃபருக்கு ஒரு குத்து.

இன்னொரு சின்னத் திருத்தம். காயிலுக்குக் குறுக்கே இருக்கும் 1என்4007 டையோடு ஐசியைக் காப்பாற்றுகிறது, கூடவே ரிலே விடுவதைத் தாமதப்படுத்துகிறது. காயிலின் கரென்ட் அந்த டையோடு வழியாகச் சுற்றிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும், கான்டாக்ட் சோம்பலாகப் பிரியும், பொறிக்கு அதுவே வசதி. டையோடுக்குத் தொடராக, எதிர்த் திசையில், ஒரு 12 வோல்ட் ஜீனர் டையோடு போட்டால் ரிலே சுறுக்கென்று விடும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியால் சோதியுங்கள். போர்டுக்கு ஏசி கொடுத்து ரிலே ஒட்டட்டும். பேட்டரி மைனஸைக் கிரவுண்டில் வைத்து, பிளஸை இடது ஆம்ப் முனையில் தொடுங்கள். 220 மைக்ரோஃபாரட் இருந்தால் ஒரு நொடிக்குள் விட வேண்டும். பேட்டரியைத் திருப்பித் தொட்டால் கால் நொடியில் விடும். வலது முனையிலும் இதே இரண்டு தடவை. நாலில் ஒன்று தவறினாலும் 56 கே ரெசிஸ்டரின் ஈயத்தையோ ஐசியையோ சந்தேகியுங்கள். இப்போது போர்டுகளில் வரும் ஐசி பெரும்பாலும் மறுதயாரிப்பு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ரிலே ஒட்டவே இல்லை என்றால் முதலில் போர்டைத் தொடாதீர்கள், ஆம்ப்பைப் பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, மீட்டரின் கறுப்பு முனையை ஆம்ப் கிரவுண்டில் வைத்து, ரிலேவுக்கு முன்னால் ஒவ்வொரு சேனலின் டிசியையும் அளங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் ஆம்ப் நலம். ஒன்றிரண்டு வோல்ட்டோ சப்ளை அளவோ இருந்தால் போர்டு தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. அப்போது ரிலேயை ஒயரால் ஷார்ட் செய்து ‘பாடுகிறதா’ என்று பார்ப்பது ஊஃபரைக் கையால் கொளுத்துவதற்குச் சமம்.

ஆம்ப் நலம் என்றால் ஐசிக்கு வாருங்கள். எட்டாம் காலில் 3.4 இருக்கிறதா? இல்லையென்றால் சப்ளை அல்லது அந்த ரெசிஸ்டர். இரண்டாம் காலில் பூஜ்யத்துக்குப் பக்கமாக இருக்க வேண்டும். ஏழாம் கால் சுவிட்ச் போட்டதிலிருந்து மெல்ல ஏற வேண்டும், ஏறாவிட்டால் அந்த கெப்பாசிட்டர் லீக். நாலாம் காலின் குட்டி கெப்பாசிட்டர் காய்ந்தாலும் ரிலே ஒட்டாது, அல்லது நடுங்கும். இதெல்லாம் சரியாக இருந்தால் ஆறாம் கால்: சப்ளை வோல்ட்டேஜ் முழுவதும் அங்கே தெரிந்தால் ஐசி இழுக்கவில்லை, ஒன்றிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியும் ‘டக்’ கேட்கவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது.

ரிலே ஒட்டுகிறது, ஒரு சேனல் மட்டும் மெல்லிய சத்தத்தில் கரகரக்கிறது, வாலியூமைக் கூட்டியதும் திடீரென்று தெளிவாகிறது என்றால் அது கான்டாக்ட்டேதான். வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய படலத்தைக் குறைந்த வோல்ட்டேஜால் கிழிக்க முடியாது, அதிக வோல்ட்டேஜ் வந்ததும் கிழிகிறது. ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெறும் பழுப்போ கறுப்போ என்றால் படலம். ஒரு புள்ளியில் குழியும், அதற்கு நேர் எதிர்ப் புள்ளியில் ஊசி முனை போல ஒரு மேடும் இருந்தால் அது டிசி பொறி கொண்டுபோய் ஒட்டிய உலோகம், அந்த ரிலேவுக்கு மருந்து கிடையாது. படலம் மட்டும் என்றால் விசிட்டிங் கார்டிலிருந்து ஒரு கீற்று வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, கான்டாக்ட்டுக்கு நடுவில் நுழைத்து, விரலால் லேசாக அழுத்தியபடி இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத வரை புதுக் கீற்றால் இழுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சை உரித்துவிடும், ஒரே மாதத்தில் பழைய கதை.

சரியானதா என்று ஓம் மீட்டரில் பார்க்க முடியாது, மீட்டர் ஒயரே 0.2 ஓமுக்கு மேல் காட்டும். கான்டாக்ட் வழியாக 1 ஆம்பியர் டிசி ஓட்டி, இரண்டு கால்களுக்கும் நடுவில் மில்லி வோல்ட் அளங்கள். 50க்குள் வந்தால் நன்று. 100ஐத் தாண்டினால் ரிலேயை மாற்றுங்கள். மாற்றும்போது காயில் வோல்ட்டேஜ், காயில் ஓம், கால்களின் அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும். பழைய ரிசீவரில் இருப்பது பெரும்பாலும் 24 வோல்ட் காயில், அதே இடத்தில் 12 வோல்ட் ரிலே அச்சாக உட்கார்ந்துவிடும், பிறகு கருகும். போர்டோடு வந்த ரிலேயைக் கழற்றிவிட்டு ஓம்ரான் ஜி2ஆர் வகையைப் போடுவதென்றால், ஈயத்தை உறிஞ்சும் முன் கால்களின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 12 வோல்ட் இரண்டு-முனையில் எட்டுக் கால் கொண்டது வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், என்சி காலும் இருக்கும் ரிலேதான் நமக்கு வேண்டியது.